மூச்சைப் பிடியுங்கோ

ஒவ்வொரு கார்த்திகையும் நெஞ்சு நோவென்று வருவார்
திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் நிறுக்கிற பரஞ்சோதி.
மழைக்கோட்டைக் கதவடியில் கழற்றி
சேட்டையும் கழற்றி
தகட்டை நெஞ்சோடு அணைத்து நிற்பார்,
கனநாள் காணாத ஒருவனைக் கட்டிப்பிடிப்பதுபோல.

மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.

இப்ப விடுங்கோ.

முதல்முறை நான் பயந்துபோனேன்.
படத்தில் பதினொரு துண்டு இரும்பு,
நெருப்பு வெள்ளையில்.
"எல்லாம் சேர்த்து இருநூறு கிராம் வருமோ, தம்பி?"
தராசு பிடிக்கிறவரின் கேள்வி.
எனக்கு நிறை தெரியாது. நிழல்தான் தெரியும்.

பிறகு விரலால் தொட்டுக் காட்டினார்.
மூன்றாம் விலாவுக்குக் கீழே
பயற்றங்கொட்டை அளவில்
இரும்பல்லாத ஒன்று.
மங்கல் வெள்ளை. எலும்பின் வெள்ளை.
"இது என்ரை இல்லை."

மாத்தளனில் ஒரு பதுங்குகுழி, ஏழு பேர்.
ஒரே மூடியில் கஞ்சி சுற்றிவந்ததாம்.
மூடி இவர் கைக்கு வந்த நேரம்
நெஞ்சில் சூடு.
கஞ்சி ஊற்றுப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தாராம்.
பக்கத்தில் இருந்தவன் நெடுமொழி,
வீட்டுக்கு யூட், றெஜினோல்டின் மகன், நாவாந்துறை.
கஞ்சிக்கும் சிலுவை போட்டுவிட்டுத்தான் வாய்வைப்பான்.
மற்றவர்களின் பெயர்களையும் சொன்னார்,
ஒருவனைத் தவிர.
அவன் அன்று காலைதான் வந்தவன்.
கேட்க நேரமில்லை.

வெடித்தால் எலும்பும் சன்னம்தான்.
டொக்டர் எடுத்துவிடலாம் என்றார்.
"அவனுக்கு வேறை இடம் இல்லை, ஐயா."
கல்லறை இருந்தவர்களுக்கே கல் மிஞ்சாத ஊர் இது.
டொக்டருக்கு விளங்கவில்லை.
'நோயாளி மறுத்துவிட்டார்' என்று எழுதினார்.

ஊர் விளக்கேற்றும் அந்தியில்
அவர் என் விளக்குப்பெட்டிக்கு முன் நிற்பார்.
தேவையில்லாத படம்தான்.
தேவையில்லாத கதிர் என்றும் தெரியும்.
பதிவேட்டில் 'இருமல்' என்று எழுதிக்கொள்வேன்.
கொம்பியூட்டர் வந்தபிறகு
பெட்டியைக் கழற்றிப் பழஞ்சாமான் அறையில் போட்டார்கள்.
"பெரிசாக்கிக் காட்டட்டோ, அண்ணை?"
"வேண்டாம். அவன் அந்தளவுதான்."

நாவாந்துறைப் பக்கம்
அவருடைய சைக்கிள் ஒருநாளும் திரும்பியதில்லை.

பங்குனியில் செத்துப்போனார். காய்ச்சல், மூன்று நாள்.
கண்ணீர் அஞ்சலியில் ஒரே ஒரு பெயர்தான் அடித்திருந்தது.
காடாற்று அன்று கோம்பயன்மணலில்
மைத்துனர் சாம்பலைக் கிளறி
"என்ன கோதாரி இது" என்று தட்டிவிட்டதை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன்.
பதினொன்று. எல்லாக் கோணலும் எனக்குத் தெரிந்த கோணல்.
பன்னிரண்டாவதைத் தேடவில்லை.
வெந்தபின் எவன் எலும்பு என்று
எந்தப் படமும் சொல்லாது.
கீரிமலையில் ஐயர் ஒரு பெயர் சொல்லி
எள்ளும் தண்ணீரும் விட்டார்.
இரண்டு பேர் கரைந்தார்கள்.

இந்தக் கார்த்திகை, மழை விட்ட ஒரு காலை,
முழங்கால் நோவென்று துண்டோடு வந்தா ஒரு அம்மா.
பெயர்?
"றெஜினோல்ட் மேரி கிளற்றா."
விலாசம் கேட்கவில்லை. துண்டில் இருந்தது.
பொலித்தீன் பைக்குள் லமினேற் பண்ணிய பெடியன்.
பையைக் கீழே வைக்கமாட்டன் என்று
நெஞ்சில் வைத்துக்கொண்டே மேசையில் படுத்தா.
"கொழும்புக்கும் போட்டு வந்தனான், தம்பி.
எங்கையோ இருக்கிறான்."

லாச்சிக்குள் கைக்குட்டையில் பதினொரு துண்டு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.

முழங்காலுக்கு மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை.
என்றாலும் சொன்னேன்:
மூச்சைப் பிடியுங்கோ, அம்மா.
பிடித்தா.

விடுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
கனநேரம்.
கடைசியில் அவவே விட்டுவிட்டு
"முடிஞ்சுதோ, தம்பி?" என்றா.